கதவுக்கு எந்த மரம்? தேக்கு, வேங்கை, மகோகனி, சால், பலா: ஓர் ஒப்பீடு

வீடு கட்டுகிறவர்கள் கதவு வேலைக்கு வரும்போது திணறும் இடம் ஒன்றுதான். எல்லாவற்றையும் தேக்கில் செய்தால் செலவு எங்கேயோ போகிறது. வேங்கை போதும் என்கிறார் ஒருவர், மகோகனிதான் அழகு என்கிறார் இன்னொருவர், சால் இரும்பு மாதிரி என்கிறார் மூன்றாமவர். அவரவர் பார்த்த கதவைப் பொறுத்தவரை எல்லோரும் சொல்வது உண்மைதான். வீடு முழுவதற்கும் ஒரே மரத்தைத் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. வாசல் நிலைக்கு வேண்டிய குணம் வேறு, படுக்கையறைக் கதவுக்கு வேண்டிய குணம் வேறு. நிலையைத் தனியாகவும் கதவைத் தனியாகவும், வெளியைத் தனியாகவும் உள்ளைத் தனியாகவும் பிரித்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

உப்பலும் சுருக்கமும். கதவைப் பொறுத்தவரை எனக்கு முதல் அளவுகோல் இதுதான். அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் நின்றால் மரத்தின் உள் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிலைக்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 16-ஐத் தொடும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகையின் நீளம் அநேகமாக மாறாது. அகலம்தான் மாறும்.

40 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள் ஈரம் 4 சதவீதம் ஏறினால், வழக்கமான முறையில் அறுத்த தேக்கு சுமார் 3 மி.மீ. விரியும். மகோகனி 4 மி.மீ. அளவுக்கு விரியும். வெள்ளை ஓக் கிட்டத்தட்ட 6 மி.மீ. போகும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விடுகிற சந்தே 3 மி.மீ. அளவுதான். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும், வெயில் காலத்தில் தாழ்ப்பாள் துளையை எட்டாமல் நிற்பதும் இதனால்தான்.

இரண்டு விஷயங்கள் இந்த விரிவைக் கட்டுக்குள் வைக்கும். பலகையின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், அந்தப் பலகை மற்றதைவிட ஏறத்தாழ பாதி அளவுதான் விரியும். இரண்டாவது, கதவின் அமைப்பு. சுற்றிலும் சட்டம் அடித்து, நடுப்பலகையைப் பள்ளத்தில் ஒட்டாமல் உட்காரவைக்கும் கதவில் பலகை விரியவும் சுருங்கவும் இடம் இருக்கிறது. அந்தப் பலகையைப் பசை போட்டு இறுக்கிவிட்டால், எவ்வளவு நல்ல மரமானாலும் ஒருநாள் வாய் பிளக்கும்.

கரையான், உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி), ஈரம். இங்கே மரத்தின் பெயரைவிட அதன் வைரம்தான் பேசும். மரத்தின் நடுவில் இருக்கும் கருத்த வைரப் பகுதியில்தான் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் பொருள்கள் சேர்ந்திருக்கும். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு எந்த மரத்திலும் அந்தக் காப்பு கிடையாது. தேக்கின் வெள்ளையையும் கரையான் தின்னும். அப்புறம் இன்னொன்று: கரையான் பெரும்பாலும் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவதால் முதலில் நிலையில்தான் ஏறும். ஆகவே நிலைக்குக் கரையான் தாங்கும் மரம், கதவுக்கு முறுக்காத மரம் என்று பிரித்து யோசிப்பது சரியாக வரும்.

எடை. 2.1 மீட்டர் உயரம், 0.9 மீட்டர் அகலம், 35 மி.மீ. கனத்தில் முழுப் பலகைக் கதவு என்றால் தேக்கில் சுமார் 43 கிலோ வரும், சாலில் 56 கிலோ. அந்த 13 கிலோவைத் தினமும் சுமப்பது கீல்களும் திருகாணிகளும்தான்.

இழைப்பதற்கு இணங்குதல், மொத்தச் செலவு. கடினமான மரத்தை மலிவாக வாங்கி, கூலியில் அந்த மிச்சத்தை விடுகிறவர்கள் நிறையப் பேர். கன அடி விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

## ஒரே பார்வையில்

எடைகள் காய்ந்த மரத்துக்கானவை. மரத்துக்கு மரம் ஏறி இறங்கும்.

| மரம் | கன மீட்டருக்கு எடை (கிலோ, சுமார்) | உப்பல், சுருக்கம் | கரையான், ஈரம் (வைரத்துக்கு மட்டும்) | இழைப்பு வேலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| தேக்கு | 650 | மிகக் குறைவு | நன்றாகத் தாங்கும் | எளிது, ஆனால் உளியை மழுக்கும் | மழையும் வெயிலும் படும் கதவு |
| வேங்கை | 800 | நடுத்தரம் | நன்றாகத் தாங்கும் | கொஞ்சம் சிரமம் | நிலை, வாசற்கதவு |
| படாக் | 750 | குறைவு | நன்றாகத் தாங்கும் | நடுத்தரம் | வாசற்கதவு |
| மகோகனி | 600 | குறைவு | நடுத்தரம் | மிக எளிது | உள் கதவுகள் |
| சால் | 850 | அதிகம் | நன்றாகத் தாங்கும் | மிகச் சிரமம் | நிலை |
| பலா | 600 | நடுத்தரம் | ஓரளவு நன்றாகத் தாங்கும் | எளிது | உள் கதவு, நிழலில் உள்ள வாசல் |
| வேம்பு | 720 | நடுத்தரம், முறுக்கும் | நடுத்தரம் | சிரமம் | உள் நிலை |
| ரப்பர் மரம் | 600 | நடுத்தரம் | தாங்காது | எளிது | உலர்ந்த உள் அறை |

## தேக்கு

தேக்கின் பெருமை அதன் வலுவில் இல்லை. அதைவிட வலுவான மரங்கள் பல உண்டு. ஈரம் ஏறி இறங்கும்போது கொஞ்சமாகவே விரிவது, எண்ணெய்ப் பசை, கரையானுக்குப் பிடிக்காத டெக்டோகுவினோன் என்ற பொருள், இந்த மூன்றும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதுதான் அதன் தனிச்சிறப்பு. கப்பல் தளத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். சாரல் அடிக்கும், மாலை வெயில் நேராக விழும் வாசலுக்கு இதற்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ஆனால் தேக்கு என்று விற்பதெல்லாம் ஒரே தரம் கிடையாது. நன்றாக முதிர்ந்த மரத்தில் வெள்ளை ஒரு மெல்லிய வளையமாக இருக்கும். 15, 20 ஆண்டுகளில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளைதான் கணிசமான பங்கு. இளம் தேக்கின் வைரத்தையும் முதிர்ந்த மரத்தின் வைரத்துக்குச் சமமாக எண்ண முடியாது. வெள்ளையின் மேல் பழுப்புச் சாயம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சாயம் ஏறும் முன்பே, வெறும் மரமாக இருக்கும்போதே பார்த்து எடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்ற பெயரில் இரோகோ, அஃப்ரோர்மோசியா என்ற வேறு மரங்கள் வருகின்றன. கானா, தான்சானியா போன்ற நாடுகளில் நட்டு வளர்த்த அசல் தேக்கும் வருகிறது. 'பிரேசில் தேக்கு' என்பது குமாரு என்ற வேறு மரம், கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டும். இவை மோசமான மரங்கள் என்று சொல்ல மாட்டேன். இரோகோ வெளிக்கதவுக்கு நல்ல மரம்தான். தேக்கின் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது, அவ்வளவே. பர்மா தேக்கு என்று உருட்டு மரத்தைக் காட்டினால் ஆவணம் கேளுங்கள்: 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது.

மறைவான செலவு இரண்டு. எண்ணெய்ப் பசை காரணமாகப் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தைத் துடைத்து உடனே ஒட்ட வேண்டும். மரத்துக்குள் சிலிக்கா இருப்பதால் ரம்பமும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும்.

## வேங்கையும் படாக்கும்

தேக்கு கைக்கு எட்டவில்லை என்றால் நான் முதலில் சொல்வது வேங்கை. வலுவானது, வைரம் கரையானைத் தாங்கும், விலையில் தேக்குக்குக் கீழே நிற்கும். நிலைக்கு இதைப் போட்டு, கதவுக்கு மட்டும் தேக்கு வைத்துக்கொள்வது பல வீடுகளுக்குச் சரியான கணக்கு.

குறை என்னவென்றால், ரேகைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னிப் போவதால் இழைக்கும்போது நார் பிய்ந்து எழும். கூர்மையான இழைப்புளியும் பொறுமையும் உள்ள கை வேண்டும். ஈரம் பட்டால் சாயமும் விடும். வேங்கைச் சீவலை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நீர் பழுப்பாக மாறி, விளிம்பில் நீலம் மினுக்கும். அதே சாயம் ஈரச் சுவரில் இறங்கினால் வெள்ளையடித்த இடத்தில் மஞ்சள் கறை நிற்கும். பூச்சு வேலை ஈரமாக இருக்கும்போதே நிலையை நட வேண்டியிருந்தால் முதலில் ஒரு கை முதற்பூச்சு அடித்துவிடுங்கள்.

படாக் வேங்கையின் நெருங்கிய உறவு. அறுத்த புதிதில் செம்மஞ்சளாக எரியும் நிறம் யாரையும் மயக்கிவிடும். அந்த நிறத்துக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் யோசியுங்கள்: வெயில் பட்டால் சில மாதங்களில் கருஞ்சிவப்புக்கும் அப்புறம் பழுப்புக்கும் போய்விடும். நிறம் மாறினாலும் குணம் மாறாது; முறுக்காத, நீடித்த வாசற்கதவு கிடைக்கும்.

## மகோகனி

உள் கதவுகளுக்கு நான் தேக்கைவிட மகோகனியையே சொல்வேன். ஈரம் ஏறி இறங்கினாலும் அடங்கி நிற்கும், இழைத்தால் வெண்ணெய் போல வரும், மெருகு ஏற்றினால் ஒரு செம்மை துலங்கும். வேலைப்பாடு செதுக்கவும் இணங்கும். அறைக்குள் கரையானும் மழையும் அவ்வளவாக எட்டாத இடத்தில் தேக்கின் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

மழையில் நனையும் வாசலுக்கு வேண்டாம், குறிப்பாக இளமையில் வெட்டிய தோட்ட மகோகனி. அதில் வைரம் குறைவு, காப்பும் குறைவு. நடு, தென் அமெரிக்கக் காடுகளில் விளையும் பெரிய இலை மகோகனி 2003 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து வந்த மரம் என்று சொன்னால் அனுமதிப் பத்திரமும் இருக்க வேண்டும்.

## சால்

நிலைக்கு மட்டும். இரயில் தண்டவாளக் கட்டைகளுக்குப் போட்ட மரம் இது. வலுவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். துளை போடாமல் ஆணி இறங்காது. ஆனால் மெதுவாகக் காயும், காயும்போது மேற்பரப்பில் கீறல் விடும், முனைகள் பிளக்கும். பலகையாக இழைத்துக் கதவு செய்தால் எடையும் கூடும், முறுக்கும் வரும். நான்கு பக்கமும் சுவரோடு பிடித்துவைத்த நிலைக்கு அந்தக் குறைகள் பெரிதாகத் தெரியாது.

## பலா, வேம்பு

தோட்டத்தில் நின்ற மரத்தை வெட்டிக் கதவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. பலா தாராளமாகச் செய்யலாம். மஞ்சளாக இருக்கும் வைரம் வருடங்கள் போகப்போகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் இறங்கும். பார்க்க இதமாக இருக்கும். கரையான் எளிதில் தொடாது. தாழ்வாகவே கிளை பிரியும் மரமாதலால் கணு இல்லாத நீண்ட சட்டம் கிடைப்பதுதான் கடினம். நடுப்பலகைகளைப் பலாவிலும் நெடுஞ்சட்டங்களை வேறு மரத்திலும் செய்வது நல்ல வழி.

வேம்பு கசக்கும் மரம், அதனால் பூச்சி அண்டாது என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. வைரம் ஓரளவு தாங்கும், வெள்ளை தாங்காது. பின்னிய ரேகையாதலால் அவசரமாகக் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும். உள் நிலைகளுக்குச் சரி.

## மலிவான மரங்கள், ஓக், ஈட்டி

ரப்பர் மரம் வெளுப்பாக, சீராக, மலிவாக இருக்கும். போரான் உப்பில் பதப்படுத்தாவிட்டால் உளு பிடிக்கும். பதப்படுத்தினாலும் நீர் படும் இடத்துக்கு ஆகாது, ஏனென்றால் அந்த உப்பு நீரில் கரைந்து வெளியேறும். மாமரமும் பதப்படுத்தாத பைனும் இதே வரிசைதான்: உலர்ந்த அறைக்குள், மூன்றாவது தேர்வாக.

ஓக் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் வெளிக்கதவுக்கு வெள்ளை ஓக்கைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்திருப்பதால் நீரை உறிஞ்சும். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து ஈரத்தில் கருநீலக் கறையாகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிதான் போட வேண்டும்.

ஈட்டி மரத்தைக் கதவுக்கு யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2017 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மெதுவாக வளரும் அந்த மரத்தை வெட்டித்தான் ஒரு கதவு வேண்டும் என்ற அவசியம் எந்த வீட்டுக்கும் இல்லை.

## பழைய மரம்

இடித்த வீடுகளிலிருந்து வரும் நிலையும் உத்தரமும் பலர் திரும்பிப் பார்க்காத நல்ல சரக்கு. பல பத்தாண்டுகள் காய்ந்தது. முறுக்க வேண்டியதெல்லாம் முன்பே முறுக்கி முடித்தது. முதிர்ந்த காட்டு மரமாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தால் உள்ளே கரையான் குடைந்திருக்கிறது. உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகள் ரம்பப் பல்லை உடைக்கும் என்பதால் அறுவை மில்லில் தனிக் கூலி கேட்பார்கள். பழைய துளைகளை அடைக்கவும் கொஞ்சம் வேலை உண்டு. இவ்வளவையும் சேர்த்தாலும் பெரும்பாலும் கணக்கு உங்கள் பக்கமே நிற்கும்.

## எந்த இடத்துக்கு எது

மழையும் வெயிலும் நேராக விழும் வாசலுக்கு, நிலை வேங்கை அல்லது சால், கதவு முதிர்ந்த தேக்கு. வாசலுக்கு மேல் நல்ல முகப்பும் நிழலும் இருந்தால் கதவையும் வேங்கையிலோ படாக்கிலோ செய்யலாம். தேக்குக்கான பணம் மிச்சம். படுக்கையறைகளுக்கு மகோகனி அல்லது பலா. குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடும் அறையில் கதவின் ஒரு பக்கம் வறண்ட காற்று, மறுபக்கம் ஈரக் காற்று. அங்கே அதிகம் முறுக்கும் மரத்தை வைக்காதீர்கள்.

குளியலறைக்கு, என்னைக் கேட்டால், மரக்கதவே வேண்டாம். நீர் புகாத செயற்கைக் கதவு போட்டு, அந்த மரச்செலவை வாசலுக்குத் திருப்பிவிடுங்கள். பட்ஜெட் மிகவும் இறுக்கம் என்றால் உள் அறைகளுக்குத் தரமான ஃப்ளஷ் கதவு (இரு முகமும் தட்டையாக ஒட்டுப்பலகை ஒட்டிய கதவு) போதும். மட்டமான தேக்கைவிட அது நேராக நிற்கும். நிலைகளில் மட்டும் கையைச் சுருக்க வேண்டாம். கதவைக் கழற்றி மாற்ற அரை நாள் ஆகும், நிலையை மாற்றச் சுவரையே உடைக்க வேண்டும்.

## கண்ணில் படாத செலவுகள்

எந்த மரத்தைத் தேர்ந்தாலும் காயாத மரமாக இருந்தால் எல்லாம் வீண். காற்றில் காயவைப்பதென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. சூளையில் சில வாரங்களில் முடியும். உள் ஈரம் 10 முதல் 12 சதவீதம் இருந்தால் கதவுக்கு நல்லது, ஈரக்காற்றுப் பகுதிகளில் 14 வரை போகலாம்.

'நல்லாக் காய்ந்த மரம்தான்' என்ற வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையின் நடுவிலிருந்து சிறு துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்த அடுப்புப் பெட்டியில், எடை இனிக் குறையாது என்று ஆகும் வரை உலர்த்துங்கள். 105 கிராமில் நின்றால், போன 15 கிராமை 105-ஆல் வகுக்க வேண்டும்: 14 சதவீதத்துக்குச் சற்று மேலே. ஊசி வைத்த ஈரமானி இருந்தால் நொடியில் தெரிந்துவிடும்; மரம் வாங்கும் இடத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

உருட்டு மரமாக வாங்கினால் விலை குறைவு போலத் தெரியும். பட்டை, வெள்ளை, கணு, ரம்பத்தூள் என்று கிட்டத்தட்ட பாதி வரை கழிந்துவிடலாம். கழிவு போக மிஞ்சும் பலகைக்கு விலை என்ன வருகிறது என்று பார்த்த பிறகே அறுத்த பலகையின் விலையோடு ஒப்பிடுங்கள். கனத்த கதவுக்கு மூன்று கீல் போதாது, நான்கு வேண்டும். வெயில் படும் கதவின் வார்னிஷ் சில ஆண்டுகளில் உரியும். எண்ணெய்ப் பூச்சு உரியாது, ஆனால் அடிக்கடி பூச வேண்டும். இந்தப் பராமரிப்புக்கு நேரமில்லை என்றால் வெளிக்கதவில் தேக்கைத் தவிர வேறொன்றையும் நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பூச்சு அடிக்கும்போது எல்லோரும் மறக்கும் இடம் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும். நெடுஞ்சட்டங்களின் வெட்டு முனை அங்கேதான் இருக்கிறது, ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். நிலையில் சுவரைப் பார்த்த பக்கமும் அப்படித்தான். கதவை மாட்டிய பிறகு அடி விளிம்புக்குத் தூரிகை போகாது, அதனால் கீல் பூட்டுவதற்கு முந்தின நாளே ஆறு பக்கமும் பூச்சு முடிந்திருக்க வேண்டும் என்று தச்சரிடம் சொல்லிவையுங்கள்.